விருந்தாளியின் கோல்

போர்ட் சையதில், சுங்கச்சாவடிக்குப் பின்னால் போகிற தெருவில் இன்று வரிசையாக ஜீன்ஸ் கடைகள். மூன்றாவது கடைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால், கூரையில் நான்கு இரும்புக் கொக்கிகள் துருப்பிடித்துக் கிடக்கும். ஒரு காலத்தில் ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு விளக்கு தொங்கியது. ஒவ்வொரு விளக்கின் கீழும் ஒரு பச்சைத்துணி மேசை இருந்தது. கிரியாக்கோ என்ற கிரேக்கர் நடத்திய பில்லியர்ட்ஸ் கூடம் அது. ஆனால் ஊரில் யாரும் கிரியாக்கோ கூடம் என்று சொன்னதில்லை. சாயங்காலம் மனைவி எங்கே கிளம்புகிறாய் என்று கேட்டால், ‘ஷெஹாத்தாகிட்ட’ என்றுதான் ஆண்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஷெஹாத்தா முதலாளியும் இல்லை, ஆட்டக்காரரும் இல்லை. பத்தொன்பது வருஷம் அந்தக் கூடத்தில் இருந்தும் ஓர் ஆட்டத்தை அவர் முழுசாக ஆடியதில்லை. அவருக்கு இருந்தது ஒரே வேலை: கோல்களின் நுனி.

ஆடுகிற கோலின் முனையில் ஒரு பூண் இருக்கும். பூணின் தலையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டத்தோல் ஒட்டியிருக்கும். வெள்ளைப் பந்தைத் தொடுவது அந்தத் தோல் மட்டும்தான். மீதியிருக்கும் கட்டையும், ஆடுகிறவனின் கையும் கண்ணும் கர்வமும் அந்தப் பொத்தான் வழியாகத்தான் பந்துக்குப் போய்ச் சேரவேண்டும். தோல் வழவழத்துப் போனால் பந்து வழுக்கும். ஓரம் நாய்க்குடை மாதிரி பூணுக்கு வெளியே விரிந்தால் குறி தப்பும். இதைப் பெரிய பெரிய ஆட்டக்காரர்களே மறந்துவிட்டு மேசையைத் திட்டுவார்கள், விளக்கைத் திட்டுவார்கள், நேரத்தைத் திட்டுவார்கள். ஷெஹாத்தா மட்டும் கோலை வாங்கி, மூக்குக்கு நேரே பிடித்து நுனியைப் பார்ப்பார்.

அவர் அடிப்படையில் செருப்புத் தைக்கிறவர். போர்ட் ஃபுவாது போகிற படகுத்துறையில் அப்பா விட்டுப்போன பெட்டிக்கடை இருந்தது. ஒருநாள் அடித்தோல் மாற்றிய சப்பாத்துகளைக் கிரியாக்கோவிடம் கொடுக்க வந்தபோது, ஒருவன் கோல் நுனியில் எச்சில் துப்பித் தரையில் தேய்ப்பதைப் பார்த்தார். தோலை அப்படி நடத்துவதை அவரால் தாங்க முடியவில்லை. கோலைப் பிடுங்கினார், மடியிலிருந்த கத்தியால் ஓரத்தைச் சீவினார், உப்புத்தாளால் மேலே மெல்ல மேடு கட்டினார். கொடுத்துவிட்டுப் போக வந்தவர் அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒன்பது கோல்களைச் சரிசெய்தார். மறுநாளும் வந்தார். அப்புறம் பெட்டிக்கடையே கூடத்து மூலைக்கு இடம்பெயர்ந்தது.

அவருடைய கட்டளைகள் ஊருக்கே தெரியும். கோலைக் கடல் பக்கத்துச் சுவரில் சாய்க்கக்கூடாது. உப்புக்காற்று தோலை ஊறவைத்துப் பஞ்சாக்கிவிடும், கட்டையும் வளைந்துபோகும். நுனி மேலே பார்க்க, உள்சுவர் ஆணியில்தான் மாட்டவேண்டும். ஆட்டம் தோற்ற கோபத்தில் நுனியால் தரையைக் குத்தினால் மூன்று நாள் கோல் கிடையாது. கப்பல்களுக்கு வழிகாட்டுகிற துறைமுக அதிகாரி ஒருவரே ஒருமுறை இந்தத் தண்டனையில் மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறார். நீலச் சாக்கட்டி பூசுவதற்கும் சட்டம் இருந்தது.

“காப்பிக்கொட்டை அரைக்கிற மாதிரி திருகாதய்யா. கட்டிக்கு நடுவுல குழி விழுது, தோலோட ஓரம் பட்டினி கெடக்குது. பொண்டாட்டி கண்ணுக்கு மை தீட்டுறதப் பாத்ததில்லையா நீ? அப்படித் தடவு” என்பார்.

பால் விஷயம் ஒரு கப்பல்காரன் கற்றுக்கொடுத்தது. எந்த நாட்டுக்காரன் என்று யாருக்கும் தெரியாது, அவன் மொழியும் யாருக்கும் புரியவில்லை. பால் வேண்டும், பால் வேண்டும் என்று சைகை காட்டினான். பசியாக்கும் என்று கிரியாக்கோ ஒரு தம்ளர் எருமைப்பால் கொண்டுவந்து நீட்டினார். அவன் சட்டைப்பையிலிருந்து நான்கு புதுத்தோல்களை எடுத்து அதில் போட்டுவிட்டுச் சிரித்தான். ஒரு ராத்திரி ஊறிய தோல்களை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் வைத்து இறுக்கச் சொல்லிக் கையால் காட்டிவிட்டுக் கப்பலேறிப் போனான். ஒரு வாரம் கழித்து ஷெஹாத்தா வைஸைத் திறந்து பார்த்தபோது தோல்கள் பாதி உயரத்துக்கு இறுகி, சங்குபோல் கெட்டியாக இருந்தன. அன்றிலிருந்து அவர் வீட்டில் பாலுக்கு இரண்டு பங்காளிகள். மனைவி ஸனிய்யா, பால்காரனிடம், ‘புள்ளைங்களுக்கு ஒரு படி, அந்தத் தோலுக்கு அரைப்படி’ என்று சத்தமாகவே சொல்லி வாங்குவாள், தெருவே கேட்கட்டும் என்று.

இதையெல்லாம்விட ஊர் அவரை மதித்தது ஒரு காரணத்துக்காக. அவர் கையில் கோலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஒருவனுக்குப் பழகிய கோல் என்பது அவன் பல்லுக்குச் சமம், இன்னொருவனிடம் கழற்றிக் கொடுக்கிற பொருளா அது? ஷெஹாத்தாவிடம் கொடுத்தார்கள். உள்சுவரில் முப்பத்தாறு ஆணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பிக்கை தொங்கியது. அவருக்குச் சொத்து என்று இருந்தது அதுதான்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் இஸ்மாயிலியாக்காரர்கள் வருவார்கள். கப்பல்கள் போகிற கால்வாயின் நடுவழியில் அவர்கள் ஊர், முனையில் எங்கள் ஊர். கால்பந்திலிருந்து மாப்பிள்ளை பார்ப்பதுவரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டு ஊர்கள். வருஷத்துக்கு ஒரு பந்தயம், ஊருக்கு ஒருவர், ஒன்பது ஆட்டம் முதலில் ஜெயிப்பவர் ஊருக்கு ஒரு செப்புத் தாம்பாளம். இதில் ஒரு வழக்கம் உண்டு. வந்து இறங்கியதும் விருந்தாளி தன் கோலை, வரவேற்கிற ஊரின் நுனிக்காரரிடம் கொடுப்பார். அவர் அதைப் பயணக்களைப்பு போகத் துடைத்து, ஓரம் சீவி, சாக்கட்டி பூசி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுப்பார். எதிரியின் கோலுக்குச் செய்கிற உபசாரம். வேறெந்த ஊரிலும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

அறுபத்தைந்தாம் வருஷம் இரண்டு ஊர்க்காரர்களும் மூன்று மூன்று முறை ஜெயித்துச் சமமாக நின்றிருந்தார்கள். எங்கள் பக்கம் அஷ்ரி. இழுவைப் படகில் கயிறு வீசுகிறவன், கதவு மாதிரி மார்பு, ஆனால் கோல் பிடித்தால் தையல்காரன் விரல். அவர்கள் பக்கம் லுத்ஃபி, ரயில் நிலையத்தில் சீட்டுக் கிழிக்கிறவர், தடித்த கண்ணாடிக்காரர், வெள்ளைப் பந்தோடு ஏதோ ரகசியம் பேசுகிறவர் போல ஆடுவார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி ரயிலில் ஒரு கூடை மாம்பழத்தோடு வந்து இறங்கினார்கள். லுத்ஃபி உறையிலிருந்து கோலை எடுத்து ஷெஹாத்தாவிடம் நீட்டி, உங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளை என்று சொல்லிவிட்டு, மற்றவர்களோடு மடவைமீன் சுட்டுத் தருகிற கடைக்குப் பசியாறப் போனார். ஆட்டம் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு.

ஷெஹாத்தா எந்தக் கோலை எடுத்தாலும் முதலில் நுனியை மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிக் காதைக் கொடுப்பார். ஒட்டு கெட்டியாக இருந்தால் ஒரு சத்தம், உள்ளே எங்காவது விட்டிருந்தால் வேறு சத்தம். அன்று தட்டவில்லை. விருந்தாளியின் கோலைத் தட்டிப் பார்ப்பது, வீட்டுக்கு வந்தவர் கொடுத்த காசைக் கல்லில் உரசிப் பார்ப்பதற்குச் சமம் என்று அவர் நினைத்தார். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நேராகச் சவரப் பிளேடை எடுத்து விரிந்திருந்த ஓரத்தில் வைத்தார்.

முதல் சீவலிலேயே தோல் இரண்டாகப் பிளந்தது. மேல்பாதி பெயர்ந்து மடியில் விழுந்தது. கீழ்ப்பாதி பூணில் கோணலாக நின்றது.

கிரியாக்கோ கல்லாவிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். எங்கள் மொழி அவருக்கு நாற்பது வருஷமாகியும் முழுசாகப் படியவில்லை. மனுஷரையும் மேசையையும் ஒன்றுபோல ‘அது’ என்பார்.

“ஒட்டிடு ஷெஹாத்தா. மூணு ஆட்டம் தாங்கும். அப்புறம் அது கையில பிஞ்சிட்டுதுன்னு அது நெனச்சிக்கும்” என்றார்.

ஷெஹாத்தா மேல்பாதியை எடுத்துப் பூணின் மேல் பொருத்திப் பார்த்தார். ஒட்டலாம். மேலே சாக்கட்டி பூசிவிட்டால் கடவுளுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் நாலாவது ஆட்டத்தில் தோல் பறக்கும்போது, கோல் யார் கையிலிருந்து வந்தது என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். உள்ளூர்க்காரனை ஜெயிக்கவைக்க விருந்தாளியின் கோலைக் கெடுத்தான் என்று இஸ்மாயிலியாவில் சொல்வார்கள். அதைவிட மோசம், போர்ட் சையதில் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். அதற்குப் பிறகு யார் நம்பி ஒரு கோலை நீட்டுவார்கள்?

கீழ்ப்பாதியையும் பூணிலிருந்து பெயர்த்து, இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மீன் கடைக்கு நடந்தார். லுத்ஃபி அப்போதுதான் முள்ளெடுத்துக்கொண்டிருந்தார். ஷெஹாத்தா நடந்ததை நின்றபடியே சொன்னார், தட்டிப் பார்க்காமல் விட்டதையும் சேர்த்து. லுத்ஃபி கையைத் துடைத்துக்கொண்டு துண்டுகளை வாங்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ரெண்டு வருஷம், உஸ்தா,” என்றார். கைத்தொழில்காரரை மரியாதையாகக் கூப்பிடுகிற வார்த்தை அது. அதை அவர் விடாமல் சொன்னதே பெரிய விஷயம். “நான் எங்க நெனக்கிறனோ அங்க அடிக்கும் இது.”

ஷெஹாத்தா, பாலில் ஊறி இறுகிய புதுத்தோல் இருக்கிறது, மதியத்துக்குள் ஒட்டுகிற வஜ்ஜிரப்பசை காய்ந்துவிடும் என்றார். அப்போது லுத்ஃபியோடு வந்த ஒருவன் ரொட்டியைக் கிழித்தபடி யாரையும் பார்க்காமல் சொன்னான்:

“புதுத்தோலு புதுச்செருப்புதான? நம்ம ஆளு இன்னிக்குக் கடிபட்டுக்கிட்டே நடப்பாரு. அவங்க ஆளு வீட்டுச்செருப்புல நடப்பாரு.”

லுத்ஃபி அவனை அதட்டினார். ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை. புதுத்தோல் எவ்வளவு நல்லதானாலும் நூறு ஆட்டம் பந்தில் பட்டால்தான் பழகும். அதுவரை சாக்கட்டி பிடிக்காது, எந்த நேரத்தில் வழுக்கும் என்று சொல்ல முடியாது.

கூடத்துக்குத் திரும்பியதும் ஷெஹாத்தா தகர டப்பாவைத் திறந்தார். ஒரே வாரத்தில் ஒரே வைஸில் இறுகிய தோல்கள். நகத்தால் அழுத்தி அழுத்திப் பார்த்து இரண்டை எடுத்தார். ஒன்றை லுத்ஃபியின் கோலுக்கு வைத்தார். பிறகு உள்சுவருக்குப் போய், ஏழாவது ஆணியிலிருந்து அஷ்ரியின் கோலை இறக்கினார்.

“கேட்டுட்டுப் பண்ணு,” என்றார் கிரியாக்கோ. “அது வரட்டும்.”

“கேட்டா மாட்டேம்பான்” என்றார் ஷெஹாத்தா. பிளேடை வைத்து இழுத்தார். ஒன்றரை வருஷம் பழகி, தேன் நிறத்துக்கு வந்திருந்த தோல் முழுசாகக் கழன்று வந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. அதைக் கீழே போட அவருக்கு மனசு வரவில்லை, டப்பாவுக்குள் வைத்தார்.

பூணைச் சுத்தமாகச் சுரண்டி, வஜ்ஜிரத்தைச் சுடவைத்துத் தடவி, இரண்டு கோலையும் தலைகீழாக நிறுத்திக் கனம் கொடுத்தார். ஜும்மா தொழுகை முடிந்து வந்து ஓரங்களைப் பூணோடு பூணாகச் சீவினார், ஈர விரலால் தேய்த்து மெருகேற்றினார், மேலே உப்புத்தாளால் மேடு கட்டினார், அரத்தின் முனையால் பூப்போலக் கொத்திச் சொரசொரப்பாக்கினார். எதிலும் ஓரவஞ்சனை கூடாது என்று இதில் நாலு கொத்து, அதில் நாலு கொத்து என்று எண்ணி எண்ணிச் செய்தாராம்.

அஷ்ரி குளித்து முடித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். ஷெஹாத்தா எதையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்ததும் அஷ்ரி கத்துவான் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். அவன் கத்தவில்லை. கோலை வாங்கி நுனியைப் பார்த்தான்.

“அந்தாளுகிட்ட மீன் கடைவரைக்கும் நடந்து போயிச் சொன்னியே. என் வீடு அதைவிடக் கிட்ட.”

அவ்வளவுதான் சொன்னான். முதல்முறையாக ‘உஸ்தா’ என்று சொல்லவில்லை.

அந்தப் பந்தயத்தை இன்றுவரை பேசிச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கால்வாய்க்கரையின் இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள், நேற்றுக் கோல் பிடித்த பையன்கள் மாதிரி ஆடினார்கள். பந்தின் ஓரத்தில் தோல் வழுக்குகிற அந்த வறட்டுச் சத்தம் வந்தபடியே இருந்தது. குழிக்கு இரண்டு விரல் தூரத்தில் நின்ற பந்தை அஷ்ரி தவறவிட்டான். அடுத்து லுத்ஃபி வெள்ளைப் பந்தை மேசையை விட்டே பறக்கவிட்டார், அது தேநீர்த் தட்டில் போய் இறங்கியது. முதலில் சிரிக்கக் கூச்சப்பட்டார்கள், ஐந்தாவது ஆட்டத்துக்குப் பிறகு இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் மூன்று பேர். ஆடிய இருவர், மூலையில் நின்ற ஷெஹாத்தா. எட்டுக்கு எட்டு என்று வந்து, கடைசி ஆட்டத்தின் கடைசிப் பந்தில் அஷ்ரியின் கோல் மீண்டும் வழுக்கியது. தாம்பாளம் ரயிலேறி இஸ்மாயிலியா போனது.

அன்று சாயங்காலமே அஷ்ரி ஏழாவது ஆணியைக் காலியாக்கிக் கோலை வீட்டுக்கு எடுத்துப்போனான். அந்த வாரத்துக்குள் இன்னும் பதினொரு ஆணிகள் காலி. மீன் சந்தையில் ஷெஹாத்தா விலை கேட்டால், ‘இஸ்மாயிலியா மாப்பிள்ளைக்கு என்ன விலை போடலாம்?’ என்று பக்கத்துக் கடைக்காரனிடம் கேட்டார்கள். ஸனிய்யாவிடம் பால்காரன், உங்க வீட்டுக்காரரு ஒரு தோலைக் கிழிச்சதுக்கு இன்னொண்ணை அறுத்தாராமே, என் ஒரு எருமை செத்தா இன்னொண்ணையும் வெட்டிடவா என்று கேட்டான். ஷெஹாத்தா இவற்றுக்கெல்லாம் பதில் வைத்திருந்தார். விருந்தாளிக்குச் செய்தது நியாயம் என்று உறுதியாகவே நம்பினார். பதில் இல்லாமல் அவரைத் தொந்தரவு செய்தது அஷ்ரி சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான்.

செப்டம்பரில் ரயில் கார்டு ஒருவர் சாக்கில் சுற்றிய ஒரு கட்டைக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே பதினொரு கோல்கள், எல்லாம் இஸ்மாயிலியாவுடையவை. கூட ஆள் இல்லை. லுத்ஃபியின் கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு: எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள், இங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். காலியான ஆணிகளில் ஷெஹாத்தா அவற்றை மாட்டினார். ஏழாவதை மட்டும் விட்டுவைத்தார்.

எங்கள் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கொள்கை ஒன்றுமில்லை, நுனி விரிந்துபோனதுதான் காரணம். அஷ்ரி வரவில்லை. துறைமுகத்துத் தச்சனிடம் கொடுத்ததில் பூணே கீறிப்போனது என்று சொன்னார்கள். பிறகு தானே ஒரு தோலைப் பாலில் ஊறப்போட்டு ஜன்னலில் வைத்தானாம், வீட்டுப்பூனை பாலையும் தோலையும் சேர்த்து முடித்துவிட்டதாம்.

நாற்பது நாளுக்கு மேல் ஆகியிருக்கும். நடுப்பகல், கூடத்தில் யாருமில்லை. கிரியாக்கோ கல்லாவில் கண்ணயர்ந்திருந்தார். அஷ்ரி உள்ளே வந்து, கோலை மேசைமேல் வைத்தான். ஷெஹாத்தா வேலையிலிருந்து தலை நிமிர்ந்தார்.

“கேட்டிருக்கணும்,” என்றார்.

“கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்” என்றான் அஷ்ரி.

“தெரியும்.”

“ஆனா கேட்டிருக்கணும், உஸ்தா.”

“ஆமா.”

ஷெஹாத்தா கோலை எடுத்துப் பூணின் கீறலைத் தடவிப் பார்த்தார். தச்சனைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கொள் என்றார், எப்போதும் எல்லோரிடமும் சொல்வதுபோல. அஷ்ரி போகவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தான். நான் அவசரமாகப் போகவேண்டியது ஒன்றுமில்லை, இங்கேயே இருக்கிறேன் என்றான்.

ஷெஹாத்தாவுக்குப் புரிந்தது. கொஞ்சம் ஒதுங்கி, ஜன்னல் வெளிச்சம் தன் கைமேல் விழுகிற மாதிரி, பிளேடு போகிற இடமெல்லாம் அவனுக்குத் தெரிகிற மாதிரி திரும்பி உட்கார்ந்தார்.

அதன் பிறகு இரண்டு வருஷம், போர் வந்து ஊரையே காலிசெய்து எல்லோரும் மன்சூராவுக்கும் தமியாத்துக்கும் மூட்டை கட்டுகிறவரை, அஷ்ரி ஒருநாளும் கோலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனதில்லை. இரண்டு பேரும் சிரித்துப் பேசினார்கள், ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் இன்னொருவர் பந்தி விசாரித்தார். ஆனால் கோல் ஷெஹாத்தாவின் மடியில் இருக்கும்போது அஷ்ரி எதிரில் இருப்பான். வேலை முடிந்ததும் கையோடு வாங்கிக்கொண்டு போவான். ஷெஹாத்தாவும் அவனுக்காக ஒரு நல்ல நாற்காலியைத் தேடி வாங்கி, அந்த ஜன்னல் பக்கத்தில் போட்டுவைத்தார். அதில் வேறு யாரையும் உட்காரவிட்டதில்லை.